தொட்ட படியும் தொடாத படியும்

கணிப்பொறி நிரல்களைச் சோதிக்கும் முறைகளுள் ஒன்றைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். திருத்தணியில் ஓய்வுபெற்றிருக்கும் பள்ளி ஆசிரியன் ஒருவனுக்கும் இப்பொருளுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கக்கூடும். தொடர்பு உண்டு. மாணவி ஒருத்திக்கு நான் இழைத்த தவறே என்னை இப்பொருளைக் கற்க வைத்தது. அதனைச் சற்றுப் பின்னர்ச் சொல்லுகிறேன். முதலில் எங்கள் ஊர் மலைப்படிகளிலிருந்து தொடங்குவோம்.

திருத்தணி முருகன் கோயிலுக்கு ஏறிச் செல்லும் படிகள் 365. ஆண்டின் நாள் ஒன்றுக்கு ஒரு படி என்பது மரபு. ஆண்டுதோறும் டிசம்பர் 31-ஆம் நாள் இங்கே படித்திருவிழா நடைபெறுகிறது. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்த விழா அது. அன்பர்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே மேலே ஏறுவார்கள். மற்ற நாட்களில் மலை ஏறும் இளைஞர் இரண்டிரண்டு படிகளாகத் தாண்டிச் செல்வதுண்டு. படித்திருவிழா அன்று அது நடவாது. ஒரு படியையும் விட்டுவிடாமல் தொட்டுச் செல்வதே அவ்விழாவின் நோக்கம். மறுநாட் காலையில் படியேறிச் செல்பவன், எந்தப் படியில் குங்குமம் இருக்கிறது, எந்தப் படியில் இல்லை என்பதைக் கண்ணாலேயே எண்ணிவிடலாம்.

ஒருமுறை மாணவர் சிலரோடு அப்படிகளில் ஏறிக்கொண்டிருந்தேன். அவர்களுள் ஒரு சிறுவன், "ஐயா, லீப் ஆண்டில் 366 நாள் அல்லவா? அந்த ஒரு நாளுக்குப் படி எங்கே?" என்று கேட்டான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தக் கேள்வியை அன்று நான் வேடிக்கையாகவே எண்ணினேன். அது எவ்வளவு ஆழமான கேள்வி என்பதை இப்பேச்சின் நடுவில் காண்பீர்கள்.

இனி நம் பொருளுக்கு வருவோம். நிரல் என்பது கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளின் வரிசை. "இதைக் கூட்டு, இந்த எண் அதைவிடப் பெரியதா என்று பார், பெரியதாயின் இப்படிச் செய், இல்லையேல் அப்படிச் செய்" என்பன போன்றவை அக்கட்டளைகள். எழுதுபவன் மனிதன் ஆதலின் பிழை நேர்வது இயல்பு. அப்பிழைகளைக் கண்டுபிடிப்பதற்காக நிரலுக்குச் சில மதிப்புகளைக் கொடுத்து, சரியான விடை வருகிறதா என்று பார்க்கிறோம். இதுவே சோதனை.

"எல்லா மதிப்புகளையும் கொடுத்துப் பார்த்துவிட்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். அது இயலாது. இரண்டு எண்களைக் கூட்டும் மிக எளிய நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எண்ணும் 32 இருமக் குறிகளால் ஆனது என்று கொள்வோம். அவ்விரண்டிற்கும் கொடுக்கக்கூடிய இணைகளின் தொகை இரண்டின் 64-ஆம் அடுக்கு. நொடிக்கு நூறு கோடி இணைகள் வீதம் சோதித்தாலும், எல்லாவற்றையும் முடிக்க ஏறத்தாழ 584 ஆண்டுகள் ஆகும். வெறுங் கூட்டலுக்கே இந்த நிலையென்றால், வங்கிக் கணக்கையும் இரயில் முன்பதிவையும் நடத்தும் நிரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே, சிலவற்றைத் தேர்ந்தெடுத்துத்தான் சோதிக்க வேண்டும். எவற்றைத் தேர்ந்தெடுப்பது, எப்போது நிறுத்துவது என்பவையே கேள்விகள். இவ்விடத்தில்தான் என் தவறு நிகழ்ந்தது.

இருபது ஆண்டுகளுக்கு முன், எல்லையோரப் பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக் கோடு மாறியதே ஒழிய, வீடுகளில் பேசும் மொழி மாறவில்லை. ஆதலின் எங்கள் பள்ளியில் தமிழ்வழிப் பிரிவும் உண்டு, தெலுங்குவழிப் பிரிவும் உண்டு. அரையாண்டுத் தேர்வில் பத்தாம் வகுப்பில் முதலிடம் பெறுவோருக்கு ஆண்டு விழாவில் ஒரு நன்கொடையாளர் பரிசு வழங்குவது வழக்கம். மதிப்பெண்களைக் கூட்டித் தரவரிசைப் படுத்த, கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த ஓர் இளைஞர் ஊதியம் பெறாமலே ஒரு நிரல் எழுதித் தந்தார். "சரிபார்த்துவிடுங்கள் ஐயா" என்று என்னிடம் ஒப்படைத்தார்.

நான் சோம்பலாகச் சரிபார்க்கவில்லை. நாற்பது மாணவரின் மதிப்பெண்களைக் கையாற் கூட்டி, கணிப்பொறியின் விடையோடு ஒப்பிட்டேன். நாற்பதும் பொருந்தின. பட்டியலில் கையெழுத்திட்டேன். விழா நடந்தது, 452 மதிப்பெண் பெற்ற மாணவன் மேடையேறிப் பரிசைப் பெற்றான்.

அடுத்த திங்கட்கிழமை தெலுங்குவழிப் பிரிவு மாணவி ஒருத்தி என் அறை வாயிலில் தயங்கி நின்றாள். கையில் மதிப்பெண் அட்டை இருந்தது. "ஐயா, எனக்குத் தெலுங்கில் 91. அதைக் கூட்டினீர்களா ஐயா?" என்று கேட்டாள். பட்டியலில் அவளுக்கு 368 என்று இருந்தது. நான் தாளை எடுத்துக் கூட்டினேன், 459 வந்தது. மாணவன் தமிழ்வழியில் படித்தால் தமிழ் மதிப்பெண்ணைச் சேர்த்துக் கூட்டும் கட்டளை சரியாக இருந்தது. தெலுங்குவழியில் படித்தால் இயங்க வேண்டிய கட்டளையிலோ, தெலுங்கைச் சேர்க்கும் பகுதி விட்டுப்போயிருந்தது. நான் தேர்ந்தெடுத்த நாற்பது பேரும், மேசைமேல் முதலில் இருந்த கட்டிலிருந்து எடுத்த தமிழ்வழி மாணவர்கள். அந்தப் பிழையான கட்டளையை நான் ஒருமுறையேனும் இயங்க விடவில்லை.

மறுநாள் இறைவணக்கக் கூட்டத்தில், பிழை என்னுடையது என்று எல்லோர் முன்னும் சொல்லி, பரிசை அவளுக்கும் அளித்தேன். விழா நாளன்று அவள் தாய் சிற்றூரிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். அந்த நாளை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

இந்நிகழ்ச்சியிலிருந்து நான் கற்றது இது. நாற்பது முறை சோதிப்பது பெரிதன்று. ஒரே தெருவில் நாற்பது முறை நடந்துவிட்டு ஊர் முழுவதையும் பார்த்துவிட்டதாக நான் எண்ணினேன். இரண்டே மாணவரைத் தேர்ந்திருந்தாலும், ஒருவரைத் தமிழ்வழியிலும் மற்றவரைத் தெலுங்குவழியிலும் தேர்ந்திருந்தால் பிழை அன்றே வெளிப்பட்டிருக்கும். எத்தனை முறை சோதித்தோம் என்பதைக் காட்டிலும், நிரலின் எப்பகுதிகளைச் சோதனை தொட்டது, எவற்றைத் தொடவில்லை என்று கேட்பதே அறிவுடைமை.

இந்தக் கேள்வியை நிரலாசிரியர்கள் நெடுங்காலமாகவே கேட்டு வந்துள்ளனர். 1963-ஆம் ஆண்டிலேயே ஜோன் மில்லர், கிளிஃபர்டு மலோனி என்னும் இருவர், நிரலின் பிழைகளை முறையாக ஆராய வேண்டுமானால் அதன் ஒவ்வொரு பகுதியும் சோதனையில் இயங்கியாக வேண்டும் என்னும் கருத்தை அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் எழுதினர். சோதனை தொட்ட பகுதி நிரல் முழுவதிலும் எத்தனை விழுக்காடு என்னும் அளவுக்குக் "கவரேஜ்" என்று பெயர். நான் இப்பேச்சில் அதனைத் "தொட்ட அளவு" என்று வழங்குவேன்.

தொட்ட அளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? படித்திருவிழாவில் குங்குமம் இடுவது போன்றதே அது. நிரலின் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஒரு சிறிய எண்ணியை ஒரு கருவி தானே பொருத்திவிடுகிறது. சோதனை நடக்கும்போது நிரல் எவ்வழியே செல்லுகிறதோ அவ்வழியிலுள்ள எண்ணிகள் ஏறிக்கொண்டே போகும். முடிவில் எந்த எண்ணி சுழியத்திலேயே நிற்கிறதோ அந்தப் பகுதியை எந்தச் சோதனையும் தொடவில்லை என்று பொருள். அவ்வரிகளைக் கருவி சிவப்பு நிறத்திற் காட்டும்.

இவ்வாறு அளப்பதில் பல நிலைகள் உண்டு. எளிதானதிலிருந்து கடினமானதற்கு ஒவ்வொன்றாக ஏறிச் செல்வோம்.

முதல் நிலை, ஒவ்வொரு வரியையும் தொடுவது. நிரலில் நூறு கட்டளைகள் இருந்து, சோதனைகளால் எண்பது கட்டளைகள் இயங்கியிருந்தால் தொட்ட அளவு 80 விழுக்காடு. நான் அன்று இந்த முதற்படியைக்கூட மிதிக்கவில்லை. மிதித்திருந்தால், தெலுங்குவழிக் கட்டளை இயங்கவே இல்லை என்பது உடனே தெரிந்திருக்கும்.

ஆயின், எல்லா வரிகளும் இயங்கிவிட்டால் போதுமா? போதாது என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. மலைப்படியில் அந்தச் சிறுவன் கேட்ட கேள்விக்கு இங்கே நாம் திரும்புகிறோம்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2006-இல் "ஸூன்" என்னும் பாட்டுக் கேட்கும் கைக்கருவியை வெளியிட்டது. 2008 டிசம்பர் 31 அன்று, அதன் 30 ஜிகாபைட் வகைக் கருவிகள் உலகெங்கும் ஒரே நாளில் செயலற்று நின்றுவிட்டன. காரணம், அவற்றின் கடிகாரத்தை நடத்திய நிரல். 1980 சனவரி முதல் நாளிலிருந்து எத்தனை நாட்கள் கடந்தன என்னும் எண்ணைக் கொண்டு, இப்போது எந்த ஆண்டு என்று அது கணக்கிட்டு வந்தது.

அதன் தருக்கத்தைக் கூர்ந்து கேளுங்கள். நாட்களின் எண் 365-ஐ விட மிகுதியாக இருக்கும் வரையில் பின்வருவதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எடுத்துக்கொண்ட ஆண்டு லீப் ஆண்டாக இல்லாவிட்டால், 365-ஐக் கழித்துவிட்டு அடுத்த ஆண்டுக்குச் செல்ல வேண்டும். லீப் ஆண்டானால், நாட்களின் எண் 366-ஐ விட மிகுதியா என்று பார்க்க வேண்டும். மிகுதியானால் 366-ஐக் கழித்துவிட்டு அடுத்த ஆண்டுக்குச் செல்ல வேண்டும். இவ்வளவுதான்.

பார்வைக்குக் குற்றமற்றதாகவே தோன்றுகிறதன்றோ? இதற்கு 2007-ஆம் ஆண்டின் ஏதேனும் ஒரு நாளைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். 1980 லீப் ஆண்டு ஆதலின் 366-ஐக் கழிக்கும் வரி இயங்கும். 1981 லீப் ஆண்டு அன்று ஆதலின் 365-ஐக் கழிக்கும் வரியும் இயங்கும். ஒரே ஒரு சோதனையில் எல்லா வரிகளும் தொடப்பட்டுவிடும். தொட்ட அளவு 100 விழுக்காடு, விடையும் சரி. நிறைவோடு கையெழுத்திட்டுவிடலாம்.

ஆனால், லீப் ஆண்டின் கடைசி நாளில் நாட்களின் எண் சரியாக 366 என நிற்கும்போது என்ன ஆகும்? 366 என்பது 365-ஐ விட மிகுதி. ஆகவே சுழல் தொடரும். ஆண்டு லீப் ஆண்டு. எண் 366-ஐ விட மிகுதியா? இல்லை, சமம். ஆகவே எதுவும் கழிக்கப்படாது, ஆண்டும் மாறாது. மீண்டும் சுழலின் தொடக்கத்திற்குச் சென்று அதே கேள்வியைக் கேட்கும். அதே விடையைப் பெறும். செக்கைச் சுற்றும் மாடு போல முடிவின்றிச் சுற்றும். கருவி வெளியான பின்னர் வந்த முதல் லீப் ஆண்டு 2008. அதன் 366-ஆம் நாள் டிசம்பர் 31. அந்த நாளுக்குப் படி கட்டப்படவில்லை! மின்கலத்தின் ஆற்றல் முழுவதும் தீரட்டும், புத்தாண்டு பிறந்த பின் மறுபடி மின்னேற்றுங்கள் என்பதே உரிமையாளருக்கு நிறுவனம் கூறிய வழி.

இங்கே குறை எந்த வரியிலும் இல்லை. "இல்லை" என்ற விடைக்கு வரியே எழுதப்படவில்லை என்பதே குறை. ஆதலால்தான் இரண்டாம் நிலை வேண்டியதாகிறது. கிளைகளைத் தொடுவது என்று அதற்குப் பெயர். நிரலில் கேள்வி எழும் ஒவ்வோர் இடத்திலும் "ஆம்" என்னும் கிளை வழியாகவும் ஒருமுறை செல்ல வேண்டும், "இல்லை" என்னும் கிளை வழியாகவும் ஒருமுறை செல்ல வேண்டும். "இல்லை" என்னும் பக்கத்தில் வரி ஒன்றும் எழுதப்படாவிட்டாலும் அவ்வழியைக் கட்டாயம் நடந்து பார்க்க வேண்டும். இந்த விதியைக் கடைப்பிடித்திருந்தால், "366-ஐ விட மிகுதியா?" என்ற கேள்விக்கு "இல்லை" வரச் செய்யும் நாள் எது என்று சோதிப்பவர் தேடியிருப்பார். அப்படிப்பட்ட நாள் ஒன்றே ஒன்றுதான்: லீப் ஆண்டின் டிசம்பர் 31. விதியே அவரைப் பிழையின் வாயிலிற் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். இதனால்தான் அச்சிறுவன் கேட்டது நல்ல சோதனையாளன் கேட்கும் கேள்வி என்கிறேன்.

மூன்றாம் நிலைக்குப் பள்ளியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுகிறேன். "வருகை 75 விழுக்காடு இருந்து, கட்டணமும் செலுத்தியிருந்தால், தேர்வெழுதலாம், அல்லது தலைமையாசிரியரின் சிறப்பு அனுமதி இருந்தால் எழுதலாம்" என்று ஒரு விதி இருப்பதாகக் கொள்வோம். கிளைகளை மட்டும் தொட வேண்டுமானால் இரண்டு மாணவர் போதும். வருகையும் கட்டணமும் உள்ள ஒருவன், அவனுக்கு "எழுதலாம்" என்று வரும். கட்டணம் செலுத்தியும் வருகை குறைந்த இன்னொருவன், அவனுக்கு "எழுதலாகாது" என்று வரும். இரண்டு கிளைகளும் தொடப்பட்டன. ஆனால் நிரல் எழுதியவர் சிறப்பு அனுமதியை அடியோடு மறந்திருந்தாலும் இவ்விரு சோதனைகளும் வெற்றி பெற்றுவிடும்!

ஆகவே, ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தே முடிவை மாற்ற வல்லது என்பதைக் காட்ட வேண்டும் என்று ஒரு கடுமையான முறை வகுத்துள்ளனர். மேலே சொன்ன இருவரோடு இன்னும் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வருகை இருந்தும் கட்டணம் செலுத்தாதவன் ஒருவன்; அவனுக்கு அனுமதி மறுக்கப்பட வேண்டும். கட்டணம் செலுத்தி, வருகை குறைந்து, சிறப்பு அனுமதி பெற்றவன் மற்றொருவன். அவன் எழுத வேண்டும். நிபந்தனைகள் மூன்று, "ஆம், இல்லை" என்று அவை சேரக்கூடிய வகைகள் எட்டு, ஆனால் தக்கவாறு தேர்ந்தெடுத்தால் நான்கு சோதனைகளே போதும். விமானத்தில் இயங்கும் நிரல்களுக்கென 1992-இல் வெளிவந்த டிஓ-178பி என்னும் விதிநூலும், 2011-இல் அதன் இடத்தைப் பெற்ற டிஓ-178சி என்னும் விதிநூலும், பிழைத்தால் பேரழிவு நேரக்கூடிய நிரல்களுக்கு இம்மூன்றாம் நிலையைக் கட்டாயமாக்கியுள்ளன. அடுத்த தட்டு நிரல்களுக்கு வரிகளும் கிளைகளும், அதற்கும் அடுத்த தட்டுக்கு வரிகள் மட்டும் என்று, ஆபத்தின் அளவுக்குத் தக்கவாறு விதி தளர்கிறது. எல்லாவற்றையும் ஒரே கடுமையோடு சோதிக்கப் பொருளும் இல்லை, காலமும் இல்லை. இழப்பு எங்கே பெரிதோ அங்கே உழைப்பும் பெரிதாக வேண்டும் என்னும் நீதி அதில் அடங்கியிருக்கிறது.

"தொடக்கம் முதல் முடிவு வரை செல்லக்கூடிய எல்லா வழிகளையும் நடந்துவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். ஒன்றன்பின் ஒன்றாக இருபது கேள்விகள் மட்டுமே உள்ள நிரலில், வழிகளின் எண்ணிக்கை 10,48,576. சுழல்கள் சேர்ந்தால் அது எல்லையற்றதாகிவிடும். ஆதலால் அந்த நிலை சிறு நிரல்களுக்கே ஆகும்.

இதுவரை இம்முறையின் சிறப்பைச் சொன்னேன். ஆசிரியன் என்ற முறையில் அதன் எல்லையையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் தொழிலில் "பாடப்பகுதி முடிந்துவிட்டதா?" என்று கேட்பது வழக்கம். "நூற்றுக்கு நூறு முடிந்துவிட்டது ஐயா" என்று ஆசிரியரும் பாடக்குறிப்பேட்டில் எழுதுவார். பாடம் நடத்தப்பட்டது உண்மை. மாணவன் அறிந்துகொண்டானா என்பது வேறு கேள்வி. பாடம் முடியாவிட்டால் மாணவன் அறிய மாட்டான் என்பது உறுதி. பாடம் முடிந்தாலோ அறிந்திருப்பான் என்பது உறுதியன்று. நிரல் சோதனைக்கும் இதுவே பொருந்தும். தொடாத வரியைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது. தொட்ட வரி சரியானது என்பதற்கும் அந்த அளவு சான்றாகாது. வரியை இயங்க விட்டு, வந்த விடையை ஒப்பிட்டுப் பாராமலே சென்றுவிட்டாலும் தொட்ட அளவு ஏறிவிடும். ஏட்டின் பக்கங்களைப் படியாமலே சிவப்பு மையால் குறியிட்டுத் தள்ளுவதைப் போன்றது அது. "எண்பது விழுக்காடு வேண்டும்" என்று மேலதிகாரி ஆணையிட்டால், எண் வந்துவிடும். பிழை எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும்.

இன்னோர் எல்லையும் உண்டு. எழுதிய வரிகளைத்தான் எண்ண முடியும். எவர் மனத்திலும் தோன்றாத நிலைமைக்கு வரியும் இல்லை, கிளையும் இல்லை. ஆகவே அது கணக்கிலும் வராது. இதற்குச் சான்று எங்கள் ஊருக்கு அண்மையிலேயே இருக்கிறது. திருத்தணிக்கு வடகிழக்கே, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், ஸ்ரீஹரிகோட்டா சதீஷ் தவான் விண்வெளி மையம் உள்ளது. அங்கிருந்து 2022 ஆகஸ்ட் 7-ஆம் நாள் காலை 9.18 மணிக்கு, எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ராக்கெட் முதன்முறையாக விண்ணில் ஏறியது. இரண்டு செயற்கைக்கோள்களை அது சுமந்து சென்றது. அவற்றுள் ஒன்று "ஆசாதிசாட்". நாட்டின் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் கைப்பட உருவாக்கிய 75 கருவிகள் அதில் இருந்தன.

ராக்கெட்டின் மூன்று திட எரிபொருட் கட்டங்களும் செவ்வனே எரிந்தன. ஆனால் இரண்டாம் கட்டம் பிரிந்தபோது சிறிது நேரமே நீடித்த ஓர் அதிர்வு ஏற்பட்டது. முடுக்கத்தை அளக்கும் உணரிகள் அந்த அதிர்வினால் அளவுமீறிய எண்களைக் காட்டின. உணரிகள் பழுதாயினவா என்று ஆராயும் தருக்கம் நிரலில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. அது, உணரிகள் கெட்டுவிட்டன என்று தீர்ப்பளித்தது. உண்மையில் அவை கெடவில்லை, அதிர்ச்சியிலிருந்து மீண்டிருந்தன. தீர்ப்பு வந்துவிட்டதால், உணரிகளை நம்பாமல் செல்லும் நெருக்கடி வழிக்கு ராக்கெட் தானே மாறிக்கொண்டது. அவ்வழியில் வேகம் சற்றுக் குறைந்து போயிற்று. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய செயற்கைக்கோள்கள், ஒரு பக்கம் 356-உம் மறுபக்கம் 76-உமான நீள்வட்டத்தில் விடப்பட்டன. 76 கிலோமீட்டர் உயரத்தில் காற்று இழுத்துவிடும். இரண்டும் வீழ்ந்து அழிந்தன. 750 மாணவியரின் உழைப்பும் அவற்றோடு போயிற்று.

நிரல் தனக்குச் சொல்லப்பட்டதைச் சொல்லப்பட்டபடியே செய்தது என்பதைக் கவனியுங்கள். கெட்ட உணரிக்கு ஒரு கிளை இருந்தது; நல்ல உணரிக்கு ஒரு கிளை இருந்தது. ஒரு கணம் திகைத்துப் பின் தெளியும் நல்ல உணரி இரண்டாம் கிளையில் சேர வேண்டியது, முதற்கிளையிற் சேர்க்கப்பட்டது. எல்லா வரிகளும் தொடப்பட்டன என்னும் கணக்கு இத்தகைய குறையைக் காட்டாது. உலகில் என்னென்ன நேரக்கூடும் என்று உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பதற்கு ஈடாக எந்தக் கருவியும் இல்லை.

நம் அறிவியலார் அவ்வாறே எண்ணிப் பார்த்தனர். காரணத்தை ஆராய்ந்து நாட்டுக்கு வெளிப்படையாக அறிவித்தனர். இரண்டாம் கட்டத்தைப் பிரிக்கும் அமைப்பையும், உணரிகளின் பழுதைத் தீர்மானிக்கும் தருக்கத்தையும் மாற்றினர். 2023 பிப்ரவரி 10-ஆம் நாள் இரண்டாம் எஸ்.எஸ்.எல்.வி. ஏறியது. "ஆசாதிசாட்-2" உள்ளிட்ட மூன்று செயற்கைக்கோள்களையும் உரிய பாதையில் விட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 23-இல் நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3-ஐ வடிவமைத்தபோதும், எது சரியாக நடக்கும் என்பதைவிட எதெது தவறக்கூடும் என்பதை முதலில் பட்டியலிட்டு, அவற்றிற்கெல்லாம் காப்புச் செய்ததாக விண்வெளித் துறையினர் விளக்கினர். தவறு நேர்வது இழிவன்று. நேர்ந்த தவற்றுக்கு ஒரு புதிய சோதனையை எழுதி வைக்காமல் விடுவதே இழிவு.

மாணவச் செல்வங்களே, மேனிலை வகுப்பில் பைத்தான் மொழியும் சி பிளஸ் பிளஸ் மொழியும் கற்கிறீர்கள். தொட்ட அளவைக் காட்டும் கருவிகள் இரண்டு மொழிகளுக்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. நீங்கள் எழுதும் அடுத்த நிரலில் இதைச் செய்து பாருங்கள். முதலில், நிரல் செய்ய வேண்டியது என்ன என்பதை எண்ணிச் சோதனைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றிற்கும் எதிர்பார்க்கும் விடையை முன்கூட்டியே தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர்க் கருவியை ஓட்டிச் சிவப்பாக நிற்கும் வரிகளையும் கிளைகளையும் பாருங்கள். ஒவ்வொரு சிவப்பு வரியும் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும்: "நான் எப்போது இயங்குவேன்? அப்படி ஒரு நாள் வந்தால் நான் சொல்லும் விடை சரியாக இருக்குமா?" பெரும்பாலும் கோப்பு கிடைக்காதபோதும், இணைப்பு அறுந்தபோதும், எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தபோதும் இயங்க வேண்டிய வரிகளே அவ்வாறு சிவந்து நிற்கும். துன்பம் வரும் நாளில் மட்டும் தேவைப்படும் வரிகள் அவை. சில வேளைகளில், எந்த நிலையிலும் இயங்கவே முடியாத வரி ஒன்று அகப்படும்; அதனை நீக்கிவிடலாம். எல்லாம் பச்சையான பிறகு, கருவி கேளாத கேள்வியை நீங்களே கேளுங்கள்: "366-ஆம் நாளுக்குப் படி எங்கே?"

அந்தத் தெலுங்குவழி மாணவி ஒரே கேள்வியில் எனக்குக் கற்பித்ததை, இத்தனை விதிகளும் கருவிகளும் விரித்துரைக்கின்றன. பட்டியலில் ஓர் எண்ணாக நாம் காணும் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு மனிதர் இருக்கிறார். நிரலின் தொடாத கிளையில் நிற்பவர் பெரும்பாலும் எண்ணிக்கையிற் சிறியவர். வேறு மொழி பேசுபவர், வேறு வகையில் பெயர் எழுதுபவர், வழக்கமான கட்டங்களில் அடங்காதவர். சோதிப்பவன் அவர்களை நினையாவிட்டால், கணிப்பொறியும் நினையாது.

இப்போதும் மலையேறும்போது நான் இரண்டிரண்டு படிகளாகத் தாண்டுவதில்லை. என் முழங்கால்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.